செய்தியில் வந்த வழக்கைப் பிள்ளைகளோடு விவாதிக்கலாமா?

வாசகர் கடிதம் (சுருக்கம்)

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்தவர். மூன்று வருடமாகச் சனிக்கிழமை மாலைகளில் ஊர்க் கிளை நூலகத்தில் இருபது பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைக்கிறார். ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கிறவர்கள். அந்த வாரச் செய்தி ஒன்றை எடுத்து, அதில் எது நியாயம், எது அநியாயம் என்று அவர்களையே பேசவிடுகிறார். போன மாதம், ஒரு குழந்தைக்கு நடந்த பாலியல் கொடுமை பற்றிய செய்தியை எடுத்திருக்கிறார்கள். "இப்படிப்பட்டவனைப் போலீஸ் சுட்டுக் கொன்றால் தப்பா?" என்பது அன்றைய கேள்வி. பெரும்பாலான பையன்கள் சுடுவதுதான் சரி என்றார்கள். ஒருவன், "அந்த ஊர்க்காரனுங்களே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டான். சத்தம் கூடிப்போனது.

உதவிக்கு வரும் பழைய மாணவர், கல்லூரியில் படிக்கிற தம்பி, அதைச் செல்போனில் படம்பிடித்து எண்பது பேருக்கு மேல் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். கூடவே, எங்கிருந்தோ வந்த அந்தக் குழந்தையின் புகைப்படத்தையும் "நீதி வேண்டும்" என்ற வரியோடு பகிர்ந்திருக்கிறார். மறுநாள் ஒரு மாணவனின் அப்பா வந்து, "கோர்ட்டில் இருக்கிற கேஸைப் பற்றிப் பேசுவதே நீதிமன்ற அவமதிப்பு. போலீசில் எழுதிக் கொடுப்பேன்" என்று கத்திவிட்டுப் போயிருக்கிறார். நூலகர் பயந்து, இப்போதைக்கு நிறுத்திவையுங்கள் என்கிறார்.

ஆசிரியையின் கேள்விகள் இவை. நான் செய்தது குற்றமா? குழு அட்மின் என்பதால் என் மீது வழக்கு வருமா? இரண்டு பக்கத்தையும் சமமாகப் பேசவிட்டு என் கருத்தைச் சொல்லாமல் இருந்தேனே, அது சரியா? இந்த வகுப்பைத் தொடரலாமா, விட்டுவிடலாமா?

கடைசிப் பக்கத்தின் அடியில், கேள்வியாக இல்லாமல், இரண்டு வரி எழுதியிருக்கிறார்: "அன்று எல்லோரும் போன பிறகு ஒரு பெண் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். 'டீச்சர், வீட்டுக்குத் தெரிஞ்சவங்களே இப்படிப் பண்ணினா என்ன செய்யணும்?' என்று கேட்டாள். நூலகம் பூட்டுகிற நேரம், அப்புறம் பேசலாம்மா என்று அனுப்பிவிட்டேன்."

பதில்

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை நானும் உங்களைப் போலவே வழக்கு, புகார், அட்மின் என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். கடைசி இரண்டு வரிக்கு வந்ததும் மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது. அதனால் உங்கள் கேள்விகளுக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். முதலில் அந்தப் பிள்ளை.

சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்

அவள் கேட்டது பொதுவான சந்தேகமாகவே இருக்கலாம். செய்தியைப் பார்த்துப் பயந்திருக்கலாம், தோழிக்காகக் கேட்டிருக்கலாம். ஆனால் எல்லோரும் போகும்வரை காத்திருந்து, தனியாக நின்று கேட்டிருக்கிறாள். பல வருடமாக இந்த வழக்குகளை நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், குழந்தைகள் முதல் தடவையிலேயே நேராகச் சொல்வது மிகக் குறைவு. இப்படி ஒரு கேள்வியைப் போட்டு, கேட்கிறவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பார்கள். உங்கள் முகத்தில் அன்று அவசரம் தெரிந்திருக்கும். அது உங்கள் தப்பு இல்லை. ஆனால் அவள் மறுபடி கேட்பாள் என்று எதிர்பார்க்கவும் முடியாது. நீங்கள்தான் போய்ப் பேச வேண்டும்.

வீட்டில் போய்ப் பேசாதீர்கள். "வீட்டுக்குத் தெரிந்தவர்" என்பது அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். பள்ளியிலோ நூலகத்திலோ, மற்றவர்கள் கண்ணில் படுகிற, ஆனால் காதில் விழாத ஓர் இடத்தில் உட்காருங்கள். "அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் சரியா பதில் சொல்லலை, மன்னிச்சுக்கோ. இப்போ கேட்கிறேன்" என்று தொடங்கினால் போதும். அவள் பேசினால் குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். எத்தனை தடவை, எங்கே, ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்றெல்லாம் கேட்பது உங்கள் வேலை இல்லை. "இதில் உன் தப்பு எதுவும் இல்லை" என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், ஏனென்றால் அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஒருவருக்குப் பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்த எவரும், நடந்துவிடுமோ என்று அஞ்சுகிற எவரும், காவல் துறையிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்ற வித்தியாசமே கிடையாது. சொல்லாமல் விட்டால் பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது எந்த வழக்கும் போட முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. குடும்பம் பிறகு உங்களிடம் சண்டைக்கு வரக்கூடும். சட்டம் உங்கள் பக்கம் நிற்கும்.

காவல் நிலையம் என்றால் பிள்ளை மிரண்டுவிடும் என்று யோசிப்பீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் முதலில் பேசலாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் சொன்னாலும், அவளை ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டியதில்லை. அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் எழுத வேண்டும், முடிந்தவரை பெண் அதிகாரி எழுத வேண்டும், அவர் சீருடையில் வரக் கூடாது, அவள் நம்புகிற ஒருவர் கூட இருக்கலாம். அந்த ஒருவராக நீங்களே இருக்கலாம், டீச்சர். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அவளுக்கு இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.

பேசிய பிறகு, அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்தால் நல்லது. அவள் கேள்விக்குப் பதிலையாவது சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விகள்.

"கோர்ட்டில் இருப்பதைப் பேசக் கூடாது" என்பது உண்மையா?

இல்லை. டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி வரை எல்லோரும் சொல்கிற வசனம் இது, பெரும்பாலும் எதிராளியின் வாயை அடைக்க. 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், நிலுவையில் இருக்கும் வழக்கைப் பற்றி மூச்சே விடக் கூடாது என்று சொல்லவில்லை. நீதிமன்றத்தை இழிவுபடுத்துவதையும், நடக்கும் விசாரணையில் ஒருதலைச் சார்பை உண்டாக்கும்படியோ அதில் குறுக்கிடும்படியோ வெளியிடுவதையும்தான் தடுக்கிறது. நீதிமன்றத்தில் நடந்ததை நேர்மையாக, சரியாகச் சொல்வதை அதே சட்டம் அனுமதிக்கிறது. முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பதும் அவமதிப்பாகாது. ஓர் ஊர் நூலகத்தில் இருபது பிள்ளைகள் "என்கவுன்டர் சரியா" என்று பேசியதால் எந்த நீதிபதியின் விசாரணையும் தடம் மாறிவிடாது.

இன்னொன்று. இந்த வகை அவமதிப்பைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து வழக்காக்க முடியாது. அது உயர் நீதிமன்றத்துக்குப் போகிற விஷயம். தனிநபர் ஒருவர் கொண்டுபோவதானால், அரசுத் தலைமை வழக்கறிஞரின் எழுத்துபூர்வமான சம்மதத்தை வாங்க வேண்டும். அந்தத் தகப்பனாரின் மிரட்டலில் இந்தப் பகுதியை நீங்கள் மறந்துவிடலாம்.

ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரைச் சொல்லி "இவன்தான் செய்தான், அந்தச் சாட்சி பொய் சொல்கிறாள்" என்று வீடியோ எடுத்துப் போட்டால் கதை வேறு. அந்தச் சாட்சி உங்கள் மாவட்டத்திலேயே இருக்கலாம், அதைப் பார்த்துவிட்டுச் சாட்சி சொல்ல வராமலே போகலாம். அவதூறு வழக்கும் வரலாம். ஒரு வழக்கு எழுப்புகிற கேள்வியைப் பேசுவதும் அந்த வழக்குக்கே தீர்ப்பு எழுதுவதும் வேறு வேறு. உங்கள் கேள்வியை நீங்கள் அமைத்த விதம் முதல் வகைதான்.

பேச்சுரிமை விஷயத்தில் பிள்ளைகளுக்கே சொல்லித்தரக்கூடிய ஒரு தீர்ப்பு இருக்கிறது. 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போது பேச்சை மூன்று படியாகப் பிரித்தது: ஒன்றை விவாதிப்பது, ஒன்றை ஆதரித்துப் பேசுவது, ஒன்றைச் செய்யத் தூண்டிவிடுவது. முதல் இரண்டும், கேட்பவருக்கு எவ்வளவு பிடிக்காமல் போனாலும், பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் 19(1)(ஏ) பிரிவின் இதயத்தில் இருப்பவை. மூன்றாவது படிக்கு ஏறும்போதுதான் அரசு கை வைக்க முடியும். "சுட்டிருக்க வேண்டும்" என்று ஒரு பையன் சொன்னது இரண்டாவது படி. "வாங்கடா, அவன் வீட்டுக்குப் போவோம்" என்று சொல்லியிருந்தால் மூன்றாவது.

"யாராவது கலாட்டா செய்வார்கள், அதனால் நிறுத்துங்கள்" என்கிற நூலகரின் கவலைக்கும் பழைய பதில் ஒன்று உண்டு. 1989-இல், தமிழ்ப் படம் ஒன்றுக்குக் கொடுத்த தணிக்கைச் சான்றிதழ் பற்றிய ரங்கராஜன் வழக்கில், போராட்டம் நடக்கும், கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையைப் பறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறி போல ஆபத்து நெருக்கமானதாக இருக்க வேண்டும் என்றது. இதை நூலகரிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம். அந்த அறை அவர் பொறுப்பில் இருக்கிறது, அதை உங்களுக்குத் தந்தே ஆக வேண்டும் என்று நீங்கள் கேட்க முடியாது. மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, வாசகர் வட்டத்தின் நிகழ்ச்சியாக இதை நடத்த அனுமதி வாங்கிவிட்டால் அவருக்கும் தெம்பு வரும்.

அந்தப் புகைப்படம்: இங்கேதான் தப்பு நடந்திருக்கிறது

டீச்சர், இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. விவாதத்தில் குற்றம் இல்லை. அந்தப் புகைப்படத்தைப் பகிர்ந்ததில் இருக்கிறது.

"குழந்தையே இறந்துவிட்டது, படம் ஏற்கெனவே எல்லா இடத்திலும் சுற்றுகிறது, நீதி கேட்டுத்தானே போட்டார்" என்று தம்பிக்காக வாதாடியிருக்கிறீர்கள். இந்த மூன்றையும் சட்டம் ஏற்பதில்லை. போக்சோ பிரிவு 23, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் தெரிய வழிசெய்யும் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவில் இதற்கு இரண்டு வருடம் வரை தண்டனை உண்டு. இறந்துபோனவரின் அடையாளத்தையும் காக்க வேண்டும் என்று 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் ஏப்ரலில், ஜம்மு காஷ்மீரின் கதுவாவில் கொல்லப்பட்ட சிறுமியின் அடையாளத்தை வெளியிட்ட ஊடக நிறுவனங்களை ஆளுக்குப் பத்து லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். அவர்களும் நீதி கேட்டுத்தான் போட்டார்கள்.

நம் மாநிலத்திலேயே பார்க்கலாம். 2019-இல் பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் அரசாணையிலேயே வந்துவிட்டது, 25 லட்சம் இழப்பீடு கொடுக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் முதல் தகவல் அறிக்கை கசிந்து அவர் அடையாளம் வெளியானபோதும் சென்னை உயர் நீதிமன்றம் அதே தொகையைக் கொடுக்கச் சொன்னது. நீதிமன்றங்கள் இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் குழந்தைக்கு ஓர் அக்காவோ தம்பியோ இருப்பார்கள், அவர்கள் நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது. படத்தையும் விவாத வீடியோவையும் தம்பி தன் போனிலிருந்தும் குழுவிலிருந்தும் நீக்கட்டும். குழுவில் நீக்க முடியாத அளவுக்கு நாள் கடந்திருந்தால், "அந்தப் படத்தைப் பகிர்ந்தது தவறு. எல்லோரும் உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்" என்று நீங்களே எழுதுங்கள். மழுப்பாமல் எழுதுங்கள். எந்த நாளில் யார் எதைப் போட்டார், எப்போது நீக்கப்பட்டது என்று ஒரு தாளில் குறித்துக் கையில் வைத்திருங்கள், படம் வேண்டாம். இதற்குள் புகார் ஏதாவது பதிவாகியிருந்தால் மட்டும், எதையும் அழிக்கும் முன் உங்கள் ஊரில் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். போலீஸ் விசாரித்தால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

அட்மின் என்பதற்காக மட்டும் வழக்கு நிற்காது. 2021-இல் மதுரைக் கிளை, ஒருவர் வெறும் அட்மினாக மட்டும் இருந்திருந்தால் அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் படம் இருப்பது தெரிந்தும் அப்படியே விட்டுவைத்தீர்கள் என்ற நிலை வந்தால் இந்தப் பாதுகாப்பு தளர்ந்துபோகும். அதனால்தான் இன்றே என்கிறேன். தம்பியைப் பலிகொடுத்து நீங்கள் ஒதுங்கிக்கொள்ளவும் வேண்டாம். இளைஞர், மனசு கொதித்துப் போட்டிருக்கிறார். இது குற்றம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். அதைச் சொல்லித்தர உங்கள் வகுப்பே பொருத்தமான இடம்.

இரண்டு பக்கமும் சமமாகப் பேசவிட்டது சரியா?

பாதி சரி. நீங்கள் கருத்துச் சொன்னால் பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்வார்கள் என்று பயந்திருக்கிறீர்கள், அது நல்ல ஆசிரியரின் பயம். ஆனால் கருத்தைச் சொல்லாமல் இருப்பது வேறு, உண்மையைச் சொல்லாமல் இருப்பது வேறு. உங்கள் கடிதத்தைப் பார்த்தால், பையன்கள் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள், நீங்கள் அதைப் பிரித்துக் காட்டவில்லை. தூக்குத் தண்டனை வேண்டும் என்பது ஒரு வாதம். சட்டத்தில் அது இருக்கிறது. 2019-இல் போக்சோ சட்டத்திலேயே மிகக் கொடிய குற்றங்களுக்கு மரண தண்டனை சேர்க்கப்பட்டது. அதற்கு ஆறு வருடம் முன்னால், டெல்லி மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த வர்மா குழு, பாலியல் வன்கொடுமைக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. இரண்டு பக்கமும் யோசித்துப் பேச அங்கே இடம் இருக்கிறது. பிடித்தவனைச் சுட்டுத் தள்ளு என்பது வேறு. அதற்கு எந்தச் சட்டமும் இல்லை. சுட்ட பிறகு போலீஸ் பெரும்பாலும் காட்டுவது, உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அதே தற்காப்பு உரிமைதான். அதையும் நிரூபிக்க வேண்டும். என்கவுன்டரில் ஒருவர் இறந்தால் வழக்குப் பதிவு செய்து, சிஐடியோ வேறு காவல் நிலையத்தின் குழுவோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணையும் நடக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்திருக்கிறது.

உங்கள் பையன்களுக்கு அடுத்த முறை இதைச் சொல்லுங்கள். 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே, பெண் மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸ்காரர்கள் மீது பூத் தூவினார்கள். நாடே கைதட்டியது. பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் விசாரித்து, 2022-இல் வெளியான அறிக்கையில், கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றது. பத்துக் காவலர்கள் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. இறந்த நான்கு பேரில் மூன்று பேர் அப்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அதாவது உங்கள் பிளஸ் டூ பையன்களின் வயது. அவர்கள் குற்றவாளிகள்தானா என்று இனி எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது.

அந்தக் கைதட்டல் ஓய்ந்து ஆறே மாதம், 2020 ஜூனில் சாத்தான்குளம். கடை மூடும் நேரம் பற்றிய தகராறில் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட அப்பாவும் மகனும் உயிரோடு திரும்பவில்லை. டிசம்பரில் பூத் தூவியவர்களில் எத்தனையோ பேர் ஜூனில் கொதித்தார்கள். போலீசின் கையில் எந்த அதிகாரத்தைக் கொடுத்தோம், அது யார் மீது பாயும் என்று யார் தீர்மானிப்பார் என்பதைப் பிள்ளைகள் யோசிக்கட்டும். பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம், இரண்டு தேதிகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள்.

இன்னொரு உண்மையையும் வைக்க வேண்டும். என் மனசில் மிகவும் கனப்பது இதுதான். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்படுபவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுக்கு ஆண்டு காட்டுகின்றன. மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன், டியூஷன் வாத்தியார். என்னிடம் வரும் அம்மாக்களில் சிலர் முதலில் கேட்பது, "மேடம், அவனுக்குத் தூக்கு கிடைச்சிடுமா?" என்று. கோபத்தில் கேட்பதில்லை, பயத்தில் கேட்கிறார்கள். ஏனென்றால் அவன் அவர்களுடைய சொந்தத் தம்பி. தன் வாய்ச்சொல்லால் ஒரு மாமா சாகப்போகிறார், அம்மா காலமெல்லாம் அழப்போகிறாள் என்று நினைக்கிற குழந்தை வாயைத் திறக்காது.

இப்போது அந்தச் சனிக்கிழமையை அவள் இடத்திலிருந்து பாருங்கள். ஓர் அறை முழுக்கப் பையன்கள் "சுடணும், கொல்லணும்" என்று கத்துகிறார்கள். எல்லோர் மனதிலும் குற்றவாளி என்பவன் எங்கோ வெளியூரிலிருந்து வந்த மிருகம். அவள் மட்டும், தெரிந்தவராக இருந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் விவாதத்தில் கேட்கப்பட்டதிலேயே பெரிய கேள்வி அவளுடையது, டீச்சர். அதைக் கேட்க அந்த அறையில் இடம் இல்லாமல் போய்விட்டது.

"அந்த ஊர்க்காரனுங்களே அப்படித்தான்" என்ற பேச்சை மட்டும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஊர், சாதி, மதம் என்று ஒரு கூட்டத்தையே குற்றவாளியாக்குவது கருத்து ஆகாது. பகையைத் தூண்டும் பேச்சுக்கும் சாதி வசைக்கும் தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன. பையனை அவமானப்படுத்த வேண்டாம். "அந்த ஊரில் உனக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்டாலே போதும்.

தொடரலாமா?

தொடருங்கள். ஆனால் அந்தத் தகப்பனாரின் கோபத்தில் பாதி நியாயம் இருப்பதை ஒப்புக்கொண்டு தொடருங்கள். சட்டம் பேசினார், அது தப்பாகப் போனது. அவர் உள்ளே இருந்த பயம் வேறாக இருக்கலாம்: பதினான்கு வயதுப் பையன் முன்னால் ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையை எவ்வளவு விவரமாகப் பேசினார்கள், அவன் முகம் ஏன் எண்பது பேர் போனில் சுற்றுகிறது? இந்தக் கேள்விகளை எந்தத் தகப்பனும் கேட்கலாம். நேரில் போய்ப் பாருங்கள். வீடியோவை எடுத்துவிட்டோம், இனி எடுக்க மாட்டோம் என்று சொல்லுங்கள். ஒன்பது, பத்தாம் வகுப்பைத் தனியாகவும் பெரியவர்களைத் தனியாகவும் வையுங்கள். பாலியல் குற்றம், தற்கொலை போன்ற தலைப்பு வரும் வாரத்தில் முன்கூட்டியே பெற்றோருக்குத் தெரிவியுங்கள். நடுவில் எழுந்து போக நினைக்கிற பிள்ளை காரணம் சொல்லாமல் போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொடுமையின் விவரம் வேண்டவே வேண்டாம். கேள்வியைப் பேச அது தேவைப்படாது.

விட்டுவிட்டால் உங்களுக்கு நிம்மதி கிடைக்கும், அது புரிகிறது. இந்த வயதில் யார் வாயிலும் விழ வேண்டாமே என்று எழுதியிருக்கிறீர்கள். நிறுத்தினால் உங்களை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பையன்கள் இதே விஷயத்தைப் போனில் பார்த்து, அங்கேயே பேசி முடித்துக்கொள்வார்கள். "போலீஸே தீர்ப்புச் சொன்னா கோர்ட் எதுக்கு?" என்று அன்று ஒரே ஒரு பையன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அவன் அந்தக் கேள்வியை வேறு எங்கே போய்க் கேட்பான்?

தொடங்கும்போது இன்னொரு சின்ன ஏற்பாடும் செய்யலாம். ஒரு டப்பாவும் வெள்ளைத் தாளும் வையுங்கள். சத்தமாகக் கேட்க முடியாததைப் பெயர் போடாமல் எழுதிப் போடட்டும். 1098 என்ற எண்ணைச் சுவரில் பெரிதாக ஒட்டிவையுங்கள். கூட்டம் முடிந்த பிறகு அரை மணி நேரம் அறையைப் பூட்டாமல் இருக்க நூலகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் இதெல்லாம் அடுத்த வாரத்துக்கு. நாளைக்கே அந்தப் பிள்ளையைப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அவள் பெயர் வேண்டாம். எந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் தேவைப்பட்டாலும் சொல்லுங்கள், உங்கள் மாவட்டத்தில் யாரை அணுகலாம் என்று எழுதுகிறேன்.